கொழுந்தெடுக்கிற கை

மலர்விழி அப்பாவுக்கு,

தோட்டத்துல பெரட்டுக்குப் பேர் குடுக்க நேரமாச்சு, கிளம்புறேன். ரொட்டியும் சம்பலும் மூடி வச்சிருக்கேன். மகளை எழுப்பிச் சாப்பிட வைங்க. ஊரடங்குன்னு கொழும்புலேருந்து நீங்க கட்டிக்கிட்டு வந்த மாவுல வண்டு விழுந்திருச்சு, சலிச்சு வெயில்ல வைங்க. சரிபுதீன் நானாவோட சாமான் லொறி வந்தா, மாஸ்க் போட்டுக்கிட்டுப் போய்த் தேங்கெண்ணெய் மட்டும் வாங்குங்க. இன்னொரு மாவு மூட்டை வந்தா நாம மூணு பேரும் வாசல்லதான் படுக்கணும்.

உங்க மொளகாக் கன்னுங்களோட நுனியைக் கிள்ளிட்டேன்னு ரெண்டு வாரமா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க. வேணும்னே கிள்ளுனேனா? பதினெட்டு வருசமா தேயிலைக் கொழுந்தெடுக்கிற கை. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அக்காகூடப் பேசிக்கிட்டே நின்னேன், அது பாட்டுக்குக் கிள்ளிருச்சு. இப்பப் போய்ப் பாருங்க. கிள்ளுன ஒவ்வொண்ணும் நாலு கிளை விட்டு மொட்டு வச்சிருக்கு. எனக்குப் பயந்து கோழிக்கூட்டுக்குப் பின்னால ஒளிச்சு வச்சீங்களே அஞ்சு கன்னு, அதுங்க ஒத்தைக் குச்சியாத்தான் நிக்குது.

சாயங்காலம் தேத்தண்ணி ஊத்தி வச்சு ஒரு வார்த்தை பேசுங்க, போதும்.

யோகராணி

சொல்ல மறந்துட்டேன். அந்த அஞ்சையும் இப்பத்தான் கிள்ளிட்டு வந்தேன். இந்தத் தடவை வேணும்னேதான். சாப்பிட்டப்புறம் கோபத்தை வச்சுக்கங்க.