வைக்கோல் கன்று

மே 8, வியாழன்

மலாய்க் கட்டுரைக்கு முப்பதுக்கு இருபத்தாறு. என் பக்கத்து மேசை நஜ்வாவுக்கு இருபத்தேழு. பள்ளி முடிந்ததும் அவளுடைய அத்தாவின் சாப்பாட்டுக் கடையில் போய் நிற்கிறாள், எப்போதுதான் படிக்கிறாளோ.

நேரே மொசெல் ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். அம்மா அங்கே சமையல் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம். கோலா சிலாங்கூர் குன்றடியில் மரத்தால் கட்டிய பழைய வீடு. ஆன்ட்டியும் அவருடைய அண்ணன் எஸ்ரா அங்கிளும் மட்டும்தான். கல்கத்தாவில் பிறந்த யூதர்கள்; இந்த நாட்டில் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. அங்கிள் பறவை பார்க்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். இப்போது வயிற்றில் கட்டி, படுக்கைதான். "இங்க பாக்குறது, கேக்குறது எதையும் ஸ்கூல்ல போயி ஒப்பிக்காத" என்று அம்மா முதல் நாளே சொன்னாள். ஒப்பிக்கவில்லை. நஜ்வாவிடம்கூட இல்லை.

ஜூன் தொடக்கத்தில் அவர்களுக்கு ஒரு பண்டிகை, ஷாவுவோத். அன்று இறைச்சி சமைப்பதில்லையாம்; பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி, காய்கறி மட்டும். அங்கிளுக்கு இதுதான் கடைசிப் பண்டிகையாக இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் அவர்களுடைய அம்மா அந்தக் காலத்தில் செய்த பலகாரம் அத்தனையும் செய்தாக வேண்டும். ஆன்ட்டி ஆங்கிலத்தில் சொல்வார், நான் தமிழில் எழுத வேண்டும். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும்.

புது நோட்டு. முதல் பக்கம்: சம்பூசக். வெண்ணெய் போட்டுப் பிசைந்த மாவு, உள்ளே பாலாடைக்கட்டியும் முட்டையும், அடுப்புப் பெட்டியில் வைத்துச் சுடுவது. சமோசாவுக்கு அக்கா போலிருக்கிறது. அடுத்தது காஹி. மாவை மெல்லிசாக இழுத்து, நெய் தடவி, மடித்து மடித்துப் பொரித்து, மேலே பாலேடும் சீனியும். "இது ரொட்டி சானாய்தான லா! இதுக்கு எதுக்கு எழுதிக்கிட்டு?" என்றாள் அம்மா. பிறகு கீரையும் கட்டியும் சேர்த்துச் சுட்டது. ஏலக்காய் போட்ட பால்சோறு.

கடைக் கட்டி ஆகாதாம். பாலில் எலுமிச்சை பிழிந்து வீட்டிலேயே எடுக்க வேண்டும். எங்கள் மாடு செவலையின் பால்! ஒரு கிலோ கட்டிக்கு ஏழு லிட்டர் என்று எழுதி அடியில் கோடு போட்டேன்.

மே 11, ஞாயிறு

அந்த வீட்டில் சட்டிகள் இரண்டு சாதி. கைப்பிடியில் நீல நூல் கட்டியது பாலுக்கு, சிவப்பு நூல் இறைச்சிக்கு. கரண்டிகூடத் தனி. அம்மா அதை ஒருநாளும் மாற்றியதில்லை என்று ஆன்ட்டிக்கு ஆச்சரியம். அம்மாவுக்கு அது ஒன்றுமே இல்லை. "கவுச்சி படாத நம்ம வெள்ளிக்கெழம சட்டி மாரிதான்."

ஏன் என்று கேட்டேன். ஆன்ட்டி வெங்காயத்தாள் அரிந்துகொண்டே சொன்னார்: குட்டியை அதன் தாயின் பாலிலேயே வேகவைக்கக் கூடாது, அங்கேதான் தொடங்கியது, மற்றதெல்லாம் அதைச் சுற்றிப் போட்ட வேலி. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே நினைப்பு.

செவலை கன்று போட்டிருப்பது தெரிந்து எஸ்ரா அங்கிள் அதன் படம் கேட்டார். கைப்பேசியில் காட்டினேன். மூன்று வாரக் கிடேரி, நெற்றியில் வெள்ளை. பெயர் என்ன என்றார். அப்பா கன்றுகளுக்குப் பெயர் வைப்பதில்லை. அப்படியானால் லூலு, முத்து என்று அர்த்தம் என்றார். வீட்டில் சொன்னேன். அப்பா சிரித்து டீயைச் சிந்திவிட்டார். "லூலுவா? அது கோலாலம்பூர்ல சாமான் விக்கிற கடைம்மா!"

மே 13, செவ்வாய்

முதல் கட்டி கெட்டுப்போயிற்று. புளிப்பு. இரண்டாவது நன்றாக வந்தது, ஆனால் கைப்பிடி அளவுதான். பழக வேண்டும், பண்டிகைக்கும் சேர்க்க வேண்டும். அங்கிள் இப்போது குடிப்பதும் செவலையின் பாலை மட்டும்தான்.

எங்கள் வீட்டு வழக்கம்: மூன்று காம்பு நமக்கு, ஒன்று கன்றுக்கு. நாலாவது காம்பையும் கறந்தால் ஒன்றரை லிட்டர் கூடும். இந்தக் கணக்கைச் சொன்னது நான்தான். யாரும் கேட்கவில்லை. அப்பா யோசித்தார். அம்மா, "கொஞ்ச நாளைக்குத்தானங்க? கன்னுக்குக் கஞ்சி ஊத்திக்கலாம்" என்றாள்.

மே 17, சனி

லூலுவுக்குக் கழிச்சல். அப்பா ஓமமும் இஞ்சியும் கொதிக்கவைத்து ஊற்றினார். கால்நடை டாக்டருக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை வருகிறார்களாம்.

நாலாவது காம்பை மறுபடியும் கன்றுக்கே விட்டார்கள். அது எழுந்து போய்க் குடிக்கவில்லை.

மே 19, திங்கள்

விடிவதற்குள் செத்துவிட்டது.

மே 20, செவ்வாய்

செவலை நேற்றெல்லாம் கத்தினாள். எங்கள் தோட்டத்து லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு வீடு. எல்லா வீட்டுக்கும் கேட்டிருக்கும். காலையில் கறந்தது அரைக் குவளை.

"பால் நின்னா மாடு நிக்காது" என்றார் அப்பா. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கெர்லிங்கில் இருந்து மாட்டு வியாபாரி சிவானந்தம் வருவார். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குகிறது, குர்பானிக்கு மாடு தேடும் நேரம். இப்போது அவர் எந்த மாட்டையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். செவலை நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது வந்தவள். கொம்பைப் பிடித்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்லியிருக்கிறேன்.

அப்பா தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோரிடம் அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு, மோட்டாரில் சுங்கை பஞ்சாங் போய் வைக்கோல் கட்டிக்கொண்டு வந்தார். கன்றைப் புதைத்தாயிற்று என்றுதான் நான் நினைத்திருந்தேன். புதைத்தது மீதியைத்தான். தோலை உரித்து உப்புத் தடவி வைத்திருக்கிறார். உள்ளே வைக்கோல் திணித்து, சாக்கு ஊசியால் தைத்து, நாலு குச்சி செருகி நிறுத்தினார். நெற்றி வெள்ளை அப்படியே இருக்கிறது. கண் இருந்த இடத்தில் தையல்.

முதுகில் உப்புத் தண்ணீர் தெளித்து செவலை முன்னால் வைத்தார். மோந்தாள். பின்வாங்கினாள். மறுபடி மோந்தாள். அப்புறம் கழுத்தை நக்கத் தொடங்கினாள். அம்மா உட்கார்ந்து கறந்தாள். பாத்திரத்தில் சத்தம் கேட்டது.

"அதுக்குத் தெரியாதாப்பா?"

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் நக்குது?"

"வேற என்ன செய்யும்?"

மே 21, புதன்

அம்மா பஸ் நிறுத்தத்தில் வைத்துச் சொன்னாள். "தோ பாரு லோகா, அங்க கன்னு செத்த கதையெல்லாம் வேணாம். சீக்குக்காரரு. கேட்டாருன்னா நல்லாருக்குன்னு சொல்லு. அவங்க பால் வாங்குற வரைக்கும்தான் செவல நம்ம கையில."

கேட்டார். நல்லா இருக்கு என்றேன்.

மே 25, ஞாயிறு

வைக்கோல் கன்று என் வேலை. காலையில் வெயில் வந்ததும் வேலிமேல் காயப்போட வேண்டும். இல்லையென்றால் புழு வைக்கும், நாற்றம் வரும், செவலை கிட்டே வரமாட்டாள். கறக்கும்முன் உப்புத் தண்ணீர். கழுத்தில் ஒரே இடத்தை நக்கி நக்கி அங்கே மயிர் போய்விட்டது. என் உள்ளங்கை அளவு.

இதுவரை "நல்லா இருக்கு" நாலு தடவை. இன்று அங்கிள், இப்போது ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். அது யாரும் சொல்லித்தராத பொய்.

கட்டி நன்றாக வருகிறது. வெள்ளை வெளேரென்று.

மே 29, வியாழன்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. நஜ்வா கடையில் ஐஸ் மைலோ வாங்கிக் கொடுத்தாள். "என்னாடி கையில ஒரு மாரி வாட வருது?" தோல் கன்றைப் பற்றிச் சொன்னேன். வீட்டையும் பண்டிகையையும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் உறிஞ்சுகுழலைக் கடித்துக்கொண்டிருந்தாள். "ஏமாத்துறீங்க லா நீங்க" என்றாள். அப்புறம், "உன்னைச் சொல்லல" என்றாள்.

குட்டியைத் தாயின் பாலில் வேகவைக்கக் கூடாது. நாங்கள் வேகவைக்கவில்லை. ஆனால் அந்தப் பாலைக் குட்டியிடம் இருந்து எடுத்து, குட்டி போன பிறகு அதன் தோலைக் காட்டி மறுபடியும் எடுத்து — இது வேலிக்கு உள்ளேயா வெளியேயா? யாரிடம் கேட்பது? அவர்களிடம்தான் கேட்க முடியும்.

ஜூன் 1, ஞாயிறு

நாள் முழுக்கச் சமையல். சம்பூசக் அறுபது. விளிம்பைப் பின்னல் மாதிரி மடிப்பது அம்மாவுக்கு ஒரே தடவையில் வந்துவிட்டது. வாசனைக்கு அங்கிள் கண்ணைத் திறந்து, ஆன்ட்டியிடம் ஏதோ பாஷையில் பேசினார். ஆன்ட்டி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

சாயங்காலம் பண்டிகை விளக்கேற்றினார்கள்.

ஜூன் 2, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

காலையில் அம்மா காஹி பொரித்தாள். நான் தட்டில் பாலேடு வைத்துக் கொண்டுபோனேன். அங்கிளைத் தலையணை வைத்து உட்காரவைத்திருந்தார்கள். சுத்தமான சட்டை. ஒரு துண்டு சாப்பிட்டார். இன்னொரு துண்டு. பத்து நாளாகப் பாலைத் தவிர எதுவும் இறங்காதவர். அப்புறம் தலையணை அடியில் இருந்து ஒரு சின்ன மணியை எடுத்தார். நீல நூலில் கட்டியது. லூலுவுக்கு என்றார். கழுத்தில் கட்டி, சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு வா, நான் கேட்க வேண்டும் என்றார்.

பேசாமல் வாங்கியிருக்கலாம். வாங்கியிருந்தால் முடிந்திருக்கும்.

கை நீளவில்லை. சொல்லிவிட்டேன். நாலாவது காம்பு, கழிச்சல், தோல், வைக்கோல், உப்புத் தண்ணீர், எல்லாம். இங்கிலீஷில் சொல்லும்போது கதைப் புத்தகத்தில் வருவதுபோல் கேட்டது. நிறுத்தத் தெரியவில்லை.

ஆன்ட்டி அண்ணனைப் பார்த்து, இது விலக்கப்பட்டதில்லை, எஸ்ரா, சட்டப்படி ஒன்றுமே இல்லை என்றார். அங்கிள் கரண்டியைத் தட்டில் வைத்தார். எது விலக்கு என்று எனக்குத் தெரியும், எடுத்துக்கொண்டு போ என்றார். என்னிடம் கோபமாக எதுவும் சொல்லவில்லை. நன்றி என்றார். அதுதான் —

அம்மா அடுப்படியில் இருந்தாள். இங்கிலீஷ் புரியாவிட்டாலும் தட்டுகள் திரும்பி வந்தது புரிந்தது.

ஜூன் 3, செவ்வாய்

நாளையில் இருந்து பால் வேண்டாம் என்று ஆன்ட்டி சொல்லிவிட்டார். அம்மாவுக்கு வேலை இருக்கிறது. பால் மட்டும் வேண்டாம்.

சம்பூசக்கை எல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டு அனுப்பினார்கள். அம்மா லயத்தில் பங்கு வைத்தாள். பக்கத்து வீட்டு திலகம் அக்கா, "கறி இல்லாத கறிபாப், நல்லாத்தான் இருக்கு கங்கா" என்று மூன்று தின்றார். நான் தொடவில்லை.

 அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். "அந்த வீட்டு ரகசியத்த ஊருக்குச் சொல்லாம இருக்கத் தெரிஞ்சிச்சில்ல? நம்ம வீட்டு ரகசியத்த அவங்களுக்குச் சொல்லாம இருக்க மட்டும் ஏன்டி தெரியல?"

அப்பாதான், "வுடு கங்கா. புள்ள பொய் சொல்லலியே" என்றார்.

"நெசம் சொல்லிச்சு. நாளைக்கி லோரி வருது."

ஜூன் 4, புதன்

சிவானந்தம் பதினோரு மணிக்கு வந்தார். லோரியில் ஏற்கெனவே மூன்று மாடு. செவலை பலகையில் ஏறவில்லை. முன்னங்காலை ஊன்றிக்கொண்டு நின்றாள். வாலை முறுக்கினார்கள். அப்பா, "அடிக்காதீங்கண்ணே" என்றார். சிவானந்தம், "அப்ப நீயே ஏத்து காளியண்ணா. பொழுதன்னைக்கும் நிக்க முடியுமா?" என்றார்.

அப்பா வேலிப் பக்கம் போனார். வைக்கோல் கன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, பலகையில் ஏறி, லோரிக்கு உள்ளே நிறுத்தினார்.

செவலை ஏறினாள். ஒரு அடிகூட வாங்கவில்லை. போய்க் கழுத்தை நக்கினாள்.

கயிற்றைக் கட்டியதும் அப்பா கன்றைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். கதவைச் சாத்தினார்கள்.

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள். நஜ்வா கூப்பிட்டாள். போகவில்லை.

ஜூன் 12, வியாழன்

பள்ளி திறந்து மூன்று நாளாகிறது. இன்று மலாய்க் கட்டுரையில் எனக்கு முப்பதுக்கு இருபத்தெட்டு. விலங்குகளிடம் அன்பு என்பது தலைப்பு.

அம்மா சாயங்காலம் வந்து பையைக்கூட வைக்காமல் சொன்னாள். எஸ்ரா அங்கிளுக்கு எந்தப் பாலும் இறங்கவில்லையாம், பாக்கெட், டின், எதுவும். வாயில் வைத்தால் திருப்பிவிடுகிறாராம். காலையில் ஆன்ட்டி அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் மாட்டுப் பால் கொஞ்சம் கிடைக்குமா, அவருக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டாராம். அம்மாவுக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாளாம்: கௌ, நோ மோர், மேடம்.

"அழுதாங்களாம்மா?"

"நாங்க ரெண்டு பேருந்தான்" என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று நல்ல மழை. வைக்கோல் கன்று ஒழுகும் கொட்டகை மூலையில்தான் கிடக்கிறது. அப்பா எரிக்கவும் இல்லை, புதைக்கவும் இல்லை. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

இன்று காலை வெயில் வந்ததும் அம்மா அதைத் தூக்கிக்கொண்டு வந்து, தண்ணீரை உதறி, வேலிமேல் காயப்போட்டாள். கழுத்தில் அந்த இடம் வெயில் படும்படி திருப்பி வைத்தாள். நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன். எதற்கு என்று கேட்கவில்லை.