பரிமாறாத சர்வர்

என் வீட்டு நிதி, உள்துறை அமைச்சருக்கு,

அடி எட்டாத தூரத்தில் இருக்கிற தைரியத்தில் ஒப்புக்கொள்கிறேன்: நம் மகளின் படங்கள் அத்தனையையும் அழித்துவிட்டேன். நீயும் அவளும் நலமா? உன் முட்டிவலி தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மூளைக்குத்தான்.

உன் போன் தண்ணீரில் விழுந்தபோது, "படமெல்லாம் என்கிட்ட பத்திரமா இருக்கு" என்று பீற்றிக்கொண்டேன் அல்லவா? அங்கிருந்தே நீயும் பார்க்கட்டுமே என்று, சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர் பலகை வாங்கி, டிபன் டப்பாவுக்குள் பொருத்தி, படங்கள் இருந்த ஹார்டு டிஸ்க்கை மாட்டினேன். நமக்கே நமக்கென்று ஒரு சர்வர்! அது, "எல்லாவற்றையும் அழிக்கட்டுமா?" என்று கேட்டது. பதினெட்டு வருஷமாக உன் கேள்விகளுக்குப் பழகிய கை, முழுசாகப் படிக்காமலே "சரி" தட்டிவிட்டது.

அறையில் கூட இருக்கும் வெல்டர் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "சர்வர்னா பரிமாறணும்ண்ணே. இது மொத்தத்தையும் தின்னுட்டுல்ல உக்காந்திருக்கு!"

மூன்று நாளாக மீட்கப் பார்க்கிறேன், ஒன்றும் வரவில்லை. உன் தங்கையிடம் ஏதாவது இருந்தால் வாங்கி அனுப்பு. நான் கேட்டதாகச் சொல்லாதே. மகள் முன்பல் விழுந்து சிரிக்கும் படமாவது கிடைக்குமா, பார். அப்படியே உன் குரலையும் பதிந்து அனுப்பு. திட்டினாலும் சரி, கொஞ்சம் நீளமாகத் திட்டு.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன்,
சரிசாமி

பி.கு.: எனக்கொன்றும் நஷ்டமில்லை. அந்த எண்ணூற்றுப் பத்துப் படங்களில் ஒன்றில்கூட நான் இல்லை.