நான் திரும்பக் கட்டிய அறை

அக்கா,

இன்று காலை கொத்தனார் பச்சை நிற டைல்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். குளியலறைச் சுவருக்கு இதையே பதிக்கலாமா என்று கேட்டார். உங்கள் குளியலறையில் இருப்பது அதே பச்சை. வேறு எந்த நிறமானாலும் சரி, இது வேண்டாம் என்றேன். "நல்ல கலரும்மா, பக்கத்து வீட்டுலகூட" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நீங்கள் போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. எனக்கு உங்கள் மேலிருக்கும் பொறாமை இன்னும் போகவில்லை.

ஆமாம், நானும் வீட்டை இடித்துக் கட்டுகிறேன். நம் பிள்ளை தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். நம் பிள்ளை என்று இப்போது எழுத வருகிறது. நீங்கள் இருந்தவரை என் மகள் என்றுதான் அழுத்திச் சொல்வேன். பெற்றவள் நான் இங்கே இருக்க, பெரியம்மா வீட்டிலேயே தங்கிக்கொள்கிறேன், பெரியப்பா சம்மதித்துவிட்டார் என்று புகுந்த ஊரான கம்பத்திலிருந்து எழுதினாள். நீங்கள் இல்லாத வீட்டோடும் போட்டி போட வேண்டிய நிலைமை எனக்கு. அவள் என் பக்கம் வந்து பெற வேண்டும். அதற்குத்தான் இத்தனை மணலும் சிமெண்டும்.

மாமனார் காலத்து நீள வீட்டை அண்ணன் தம்பி இருவருக்கும் நடுவில் சுவர் வைத்துப் பிரித்தபோது, பின்பக்க ஓட்டுச் சாய்ப்பு உங்கள் பங்கில் விழுந்தது. மாதத்தில் மூன்று நாள் நாம் இருவரும் ஒதுங்கி உட்கார்ந்த இடம். தனித் தட்டு, தனிப் பாய். அந்த நாட்களில் உள்ளே வந்தால், தோட்டத்திலிருந்து ஜீப்பில் இறங்கிய ஏலக்காய் நிறம் மாறிவிடும் என்று மாமியார் சொல்வார். நீங்களும் நம்பினீர்கள். நான் கொஞ்சம் கூடுதலாகவே நம்பினேன்.

மலையில் காய் நன்றாக விளைந்த வருடம் நீங்கள் வீட்டில் கை வைத்தீர்கள். நின்று சமைக்க மேடை, கேஸ் அடுப்பு, மொசைக் தரை. மொசைக் தேய்க்கும் சத்தம் பதினைந்து நாள் நடுச்சுவர் வழியாகக் கேட்டது. என் பல்லையே யாரோ ராவுவது போலிருந்தது. லாரியில் ஒவ்வொரு லோடு இறங்கும்போதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரருக்கும் அதே மலையில்தான் தோட்டம். அவரோ, இருக்கிற வீடு போதும் என்றார்.

கடைசியாக அந்தச் சாய்ப்பை இடிக்கச் சொன்னீர்கள். அங்கேதான் குளியலறையும் கழிப்பறையும், வீட்டுக்குள்ளிருந்தே போகிற மாதிரி.

"உங்க பங்குல இருக்குன்னு இடிக்கிறீங்க. நாங்க எங்க போய் உக்கார்றது?" என்று கேட்டேன்.

"உள்ள உக்காரு. நாம அதுல கெடந்தது போதும் தாயி" என்றீர்கள்.

நல்ல வார்த்தைதான். எனக்கு அது பணக்காரத் திமிராகக் கேட்டது. நீங்கள் கழித்துப் போட்ட செங்கல்லையும் ஓடுகளையும் ஆள் வைத்து என் பக்கம் கொண்டுவந்து, எட்டே நாளில் அதே அறையை என் கொல்லையில் எழுப்பினேன். "இது என்ன சோலி உனக்கு?" என்று தலையில் அடித்துக்கொண்டார் என் வீட்டுக்காரர். மொசைக் தரையில் நான் தோற்கலாம், சுத்தத்தில் தோற்க மாட்டேன் என்று ஊருக்குக் காட்ட வேண்டியிருந்தது. நான் அதில் இருந்தது சில வருடங்கள்தான். பிறகு என் மகளும் அதில் உட்கார வேண்டி வந்தது.

அவள் ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம், ஐப்பசி மழை. பழைய ஓடு, அவசரத்தில் வேய்ந்தது, நாலு இடத்தில் ஒழுகியது. புத்தகத்தை மடியில் மூடிக்கொண்டு மூலையில் ஒடுங்கியிருந்தாள். நீங்கள் குடையோடு கொல்லை வழியாக வந்தீர்கள்.

"எந்திரி ஆத்தா. புஸ்தகத்தையும் எடுத்துக்க."

"தீட்டோட எங்க கூட்டிட்டுப் போறீங்க? காய் கெடக்குற வீடு" என்றேன்.

"கெட்டா கெட்டுட்டுப் போகுது. புள்ள நனையுறது உன் கண்ணுக்குத் தெரியலையா?"

எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அடுப்படி வாசலை விட்டு நான் நகரவில்லை. மூன்று நாள் அவள் உங்கள் கட்டிலில், காற்றாடிக்குக் கீழே படுத்தாள். அந்த மூன்று நாளும் உங்கள் காய் வெளுத்துப்போக வேண்டும் என்று நான் சாமியிடம் வேண்டிக்கொண்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. காய் முன்னைவிடப் பச்சையாக ஏலத்துக்குப் போனது.

பிறகு மாதாமாதம் அவள் அங்கேதான். மூன்று நாள் ஐந்தானது, ஐந்து பத்தானது. உங்களுக்குப் பிள்ளை இல்லை. உங்களைவிட எனக்குக் கூடுதலாக இருந்தது அவள் ஒருத்திதான். அவளையும் நானே ஒரு அறை கட்டி உங்கள் பக்கம் அனுப்பியிருக்கிறேன். கல்யாணமாகிப் போன பிறகு தபால்காரர் இரண்டு இன்லாண்டு கடிதம் தருவார். எனக்கு வந்ததில் பாதி வெற்றுத்தாள். உங்களுடையதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களுக்குக் கொடுத்தனுப்புவேன். உள்ளே ஓரம் வரை எழுத்து.

உங்களைக் கிடத்தியிருந்த அன்று அவள் உங்கள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் செத்தால் இவ்வளவு அழுவாளா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். உங்களுக்காக எனக்கு அழுகை வந்தது மறுநாள்தான்.

போன வாரம் அந்த அறையை இடித்துவிட்டேன். இடித்ததை எழுதி, என் பக்கமே வா என்று அவளைக் கேட்டேன். நேற்று பதில் வந்தது, இந்த முறை ஓரம் வரை எழுத்து. "வர்றேம்மா. ஆனா பொம்பளப் புள்ள பொறந்தா பெரியம்மா பேருதான். நீயும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும்."

வயதில் மூத்தவர் நீங்கள். இத்தனை வருடத்தில் ஒருநாளும் உங்கள் பெயர் என் வாயில் வந்ததில்லை. இனி என் வீட்டுக்குள் காலை முதல் பொழுதடையும் வரை அதையே சொல்ல வேண்டும். சரி என்று உடனே பதில் போட்டுவிட்டேன்.

இன்று மதியம் கொத்தனார் சாப்பிடப் போனதும் கொல்லையில் நின்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். பாதிப் பெயரிலேயே நிறுத்திவிட்டேன். பொறாமையால்தான் இருக்கும். இரண்டாம் முறை பிள்ளையைக் கூப்பிடுவது போலச் சத்தமாகவே கூப்பிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"யாரு அவளக் கூப்பிட்டது?" என்றார் உங்கள் வீட்டுக்காரர்.

"நான்தான். கூப்பிட்டுப் பழகுறேன்" என்றேன்.