பாயின் அடிப்பக்கம்

மார்ச் 9, செவ்வாய்

வெளியூர்க்காரர்களை ஏற்றி வரும் படகுகள் நின்றுபோய் ஒரு வருடம் ஆகிறது. கடலில் மரக்கால் நட்டுக் கட்டிய எங்கள் ஊரில் கிழக்கு வரிசையில் பதினொரு வீடுகள் எரிந்தது, கடற்பாசிக்கு வெள்ளை நோய் வந்து கயிற்றிலிருந்து கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, என் படகின் அடிப்பலகை பிளந்தது, எல்லாம் இந்த ஒரு வருடத்துக்குள்தான். பேத்தி தெலிமாவுக்கு ஏழு வயது முடிந்ததும் இதற்குள்தான்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்கிறேன், பக்கத்து வீட்டு நூர்பாயா எழுதுகிறாள். மாதம் ஒருமுறை மருந்துப் படகில் வரும் நர்ஸ் இந்த நோட்டைக் கொடுத்தாள். பிள்ளையின் தோல் எப்படி இருக்கிறது, என்ன பூசினோம், எங்கே சிவந்தது என்று நாளுக்கு ஒரு வரி போதுமாம். ஒரு வரியில் நிற்கிற வாயா எனக்கு?

"தாத்தா, தோலைப் பத்தி மட்டும் சொல்லுங்க. கை வலிக்குது" என்கிறாள் நூர்பாயா. தோலைப் பற்றித்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தெலிமா வெள்ளையாகப் பிறந்தவள். முடி, புருவம், இமை எல்லாமே வெள்ளை, வெயில் பட்டால் தோல் வெந்துவிடும். அவளைப் பார்த்த மூன்றாம் நாள் மீன் பிடிக்கப் போன அவள் அப்பன் இன்னும் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறான். என் மகள் சபாரியா விடிந்ததும் பாசிக் கயிறு கட்டப் போனால் வெயில் தாழ்ந்துதான் வருவாள். பகல் முழுக்க இந்த வீட்டில் நானும் பிள்ளையும்தான்.

நர்ஸ் கொடுத்த குழாய்க் களிம்பு ஒத்துக்கொள்ளவில்லை, முகம் தடித்துக் கண் மூடிப்போயிற்று. விட்டுவிட்டோம். எங்கள் புராக் இருக்கிறது. அரிசியை ஊறவைத்து மஞ்சளோடு அரைத்துக் கெட்டியாகப் பூசுவது. கடலுக்குப் போகும் பெண்கள் எல்லோர் முகத்திலும் இருப்பதுதான். தெலிமாவுக்கு இரட்டைப் பூச்சு. அதற்கு மேல் பெரிய மருந்து வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது.

மார்ச் 10

சிவப்பு இல்லை. நெற்றி, இரண்டு கன்னம் பூசினோம்.

லாஜிமின் என்று ஒரு படகுக்காரன், எங்கள் வீட்டைத் தாண்டிப் போகிறபோது கத்துகிறான். "என்ன பெரியவரே, இன்னும் அடைகாக்குறீரா? முட்டை எப்போ பொரியும்?"

"உன் மூளை பொரிஞ்ச மறுநாள்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான், எங்கே வேண்டுமானாலும் போகிறவன்.

மார்ச் 13

மோவாய்க்கு அடியில் சிவந்திருக்கிறது. மூக்கின் இடது பக்கத்திலிருந்து கன்னத்துக்கு ஒரு கோடு, இரண்டு விரல் அகலம். தொட்டால் அழுகிறாள்.

வெளியே போகவில்லை. வாசற்படியைக்கூட அவள் தாண்டவில்லை. பிறகு எப்படி?

மார்ச் 14

சபாரியா பார்த்துவிட்டாள். ஈரத்துணியைப் பிள்ளை முகத்தில் வைத்துக்கொண்டே கேட்டாள். "உண்மையச் சொல்லுங்கப்பா. நான் அந்தப் பக்கம் போனதும் இவள வெளிய விடுறீங்களா?"

"இல்லம்மா."

"வெயில் படாம தோல் எப்படிப்பா வேகும்?"

"தெரியலையே."

"அத்தை சொன்னது சரிதான்" என்றாள்.

அத்தை என்றால் என் அக்கா தயாங். அவள் என்ன சொன்னாள் என்பது இந்த ஊருக்கே தெரியும். நூர்பாயா, நீயும் தெரிந்துகொள், எழுது.

நாங்கள் படகில் பிறந்தவர்கள். அப்பா, அம்மா, அப்பாவின் தங்கை இன்சா, தயாங், நான், தம்பி சுலாய். ஆறு பேருக்கு ஒரு படகு, நடுவில் தாழ்ந்த ஓலைக்கூரை. சுலாய் வெள்ளையாகப் பிறந்தான். பெரியவர்கள் சின்னத் தோணியில் சங்கு எடுக்கப் போவார்கள், தயாங்கும் போவாள். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. "கூரையை விட்டு அவன் வெளிய வரக்கூடாது, உன் பொறுப்பு" என்று அம்மா சொல்லிவிட்டுப் போவாள். நான் விட்டதில்லை. அவன் இடுப்பில் கயிறு கட்டி, அந்தக் கயிற்றை என் காலில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் வயதுப் பிள்ளைகள் தண்ணீரில் குதிக்கிற சத்தம் கேட்கும்.

சாயங்காலம் அம்மா வந்து பார்த்தால் அவன் முகம் வெந்திருக்கும். துடுப்பால் அடிப்பாள். "விடலம்மா" என்பேன். "விடாமத்தான் வெந்துச்சா?" என்று இன்னொன்று. இப்படி எத்தனை நாள்! பன்னிரண்டு வயதில் அவன் மூக்கின் அடியில் ஒரு புண் வந்தது, ஆறவே இல்லை. பத்தொன்பதில் போய்விட்டான். புதைத்துவிட்டு வரும்போது தயாங் சொன்னாள்: "நீதான் அவன வெயிலுக்குத் தின்னக் கொடுத்த." அதற்குப் பிறகு என்னோடு ஒரு பேச்சு கிடையாது. ஐம்பது வருடம் ஆகப்போகிறது. அவள் வீடு தெற்குக் கோடியில். இங்கிருந்து பார்த்தால் அவள் அடுப்புப் புகை தெரியும்.

மார்ச் 15

சபாரியா சன்னலுக்குப் பலகை அடித்துவிட்டாள். போகும்போது கதவை வெளியிலிருந்து கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் போகிறாள். உள்ளே பிள்ளை. பிள்ளையோடு நானும்.

"கோவிச்சுக்காதீங்கப்பா. எனக்கு வேற வழி தெரியல" என்று கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள்.

நூர்பாயா வந்து அவிழ்த்தால்தான் இந்த நோட்டும் எழுத முடியும். எழுதி முடித்ததும் திரும்பக் கட்டிவிட்டுப் போவாள். சபாரியாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாளாம்.

மார்ச் 17

தெலிமா கேட்டாள். "தாத்தா, சூரியன் எப்போ சாகும்?"

"அது சாகாது."

"வயசானாக்கூடவா?"

"வயசானாக்கூட."

"அப்போ நானும் வயசாகிற வரைக்கும் உள்ளதானா?"

அரிசி அரைக்கிறதுபோல் குனிந்துகொண்டேன்.

மார்ச் 18

இன்னொரு கோடு. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை. கன்னத்தில் இருந்த பழைய கோடு கொப்பளித்துவிட்டது.

கதவு கட்டியிருக்கிறது. சன்னல் அடைத்திருக்கிறது. கூரையில் ஓட்டை இருக்கிறதா என்று இந்த முட்டியோடு ஏறிப் பார்த்தேன். ஓட்டை இல்லை.

சபாரியா பார்த்தாள். சோற்றை வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 22

காதுக்கு அடியிலும். கரைக்குக் கொண்டுபோய்க் காட்டலாம் என்றால் எங்களிடம் எந்த நாட்டுக் காகிதமும் கிடையாது. போனவர்களைப் பிடித்து அடைத்துவிடுகிறார்கள். இங்கே கதவு, அங்கே கம்பி. மருந்துப் படகு வர இன்னும் எட்டு நாள்.

நான்தான் தூக்கத்தில் விட்டுவிடுகிறேனோ? எனக்கே சந்தேகம் வருகிறது. பகலில் கண் அசருகிறது, உண்மைதான். ஆனால் கதவு வெளியே அல்லவா கட்டியிருக்கிறது! சின்ன வயதிலும் இப்படித்தான். அம்மா அடித்து அடித்து, ஒருவேளை நான்தான் விட்டேனோ என்று நம்ப ஆரம்பித்திருந்தேன்.

மார்ச் 28

நூர்பாயா, இன்று மெதுவாகச் சொல்கிறேன். ஒன்றுவிடாமல் எழுது.

இன்று முழுநிலா நாள், கடல் நன்றாக வற்றும். உச்சிப் பொழுதுக்கு முன்னாலேயே வீட்டைச் சுற்றி வெள்ளை மணல் தெரிந்தது, முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. அடுப்படி மூலையில் நான் படுக்கிற பாயில் மீன் கழுவின தண்ணீர் கொட்டிவிட்டது. சபாரியா கல்யாணத்துக்கு நெய்த பாய், நீலமும் சிவப்புமாக. எட்டு வருடமாக அங்கேயே கிடக்கிறது. ஈரத்தில் எப்படிப் படுப்பது என்று அதைத் திருப்பிப் போட்டேன்.

மேல்பக்கத்துச் சிவப்பு அப்படியே இருக்கிறது. அடிப்பக்கத்தில் கோடு கோடாக வெளுத்திருக்கிறது, உப்பு பூத்த மாதிரி. இரண்டு விரல் அகலம். ஒரு கோடு, ஒரு பலகை அளவு சிவப்பு, மறுபடி ஒரு கோடு.

நம் வீட்டுத் தரை தெரியாதா? பலகைக்குப் பலகை இரண்டு விரல் இடைவெளி. மீன் செதிளைத் தள்ள, தண்ணீர் ஊற்ற. பாயின் வெளுத்த கோட்டைத் தரை இடைவெளியோடு வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது.

பாயை ஒதுக்கிவிட்டு நானே குப்புறப் படுத்தேன். அம்மாடி! அடியில் இன்னொரு பகல் கிடக்கிறது. மணலும் தண்ணீரும் சேர்ந்து வெயிலைத் திருப்பி அடித்துக் கண்ணைக் குத்துகிறது. இடைவெளிக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்தேன். இரண்டு விரல் அகலத்துக்கு வெளிச்சம் விழுந்தது.

"பிள்ளே, நான் தூங்கும்போது நீ பாய்க்குப் பக்கத்துல இந்த வெறும் பலகையிலயா படுக்குற?"

தலையை ஆட்டினாள். "மீன் பாக்குறதுக்கு. முன்னாடியும் எப்பவாவது படுப்பேன். இப்போ சன்னலயும் அடைச்சிட்டாங்கல்ல? இங்க மட்டும்தான் தாத்தா கடல் தெரியுது."

கன்னத்தை வைத்துப் படுத்துக் காட்டினாள். கோடு இருந்த இடம் இடைவெளியின் மேல் போய் உட்கார்ந்தது.

நாங்கள் மேலே பார்த்தே காவல் காத்திருக்கிறோம். நெற்றிக்குப் பூசினோம், கூரையைப் பார்த்தோம், கதவைக் கட்டினோம். கீழே தண்ணீர்தானே, குளிர்ச்சிதானே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தண்ணீரின் மேலேயே பிறந்து தண்ணீரின் மேலேயே சாகிற ஜனங்கள் நாங்கள்.

கதவைக் கட்டக் கட்ட அவள் அங்கேதான் போய்ப் படுத்திருக்கிறாள்.

மார்ச் 28, மறுபடியும்

சபாரியா வந்தாள். பாயைத் திருப்பிக் காட்டினேன். தரையில் வைத்துப் பார்த்தாள், விரலால் கோட்டைத் தடவினாள். பிறகு அந்தப் பாயின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தானே சன்னல அடைச்சேன்" என்றாள்.

"எனக்கும்தான் தெரியல" என்றேன்.

கதவுக் கயிறு அவள் மடியிலேயே கிடந்தது.

மார்ச் 29

எனக்கு ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. படகுக் கூரையின் அடியில் வெளிச்சம் ஆடும். தண்ணீரில் பட்டு வருகிற வெளிச்சம், மீன் குஞ்சுகள் ஓடுகிற மாதிரி நெளியும். சுலாய் விளிம்பில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டு அதைப் பிடிக்கக் கையை நீட்டுவான். அழுதால் நானே அவனை விளிம்புக்கு இழுத்து விடுவேன். "அதோ பாரு, அதோ பாரு" என்பேன். அவன் சிரிப்பான்.

அவன் புண் மூக்குக்கு அடியில்தான் வந்தது.

விடவில்லை நான். ஆனால் விளிம்புக்கு இழுத்தது நான்தான். இதையும் எழுதிவிடு.

மார்ச் 30

நர்ஸ் வந்தாள். நோட்டைப் படித்தாள், பாயைப் பார்த்தாள். தானே தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தாள், வெள்ளை உடுப்பெல்லாம் மீன் செதிள்.

"இத்தனை வருஷமா இந்த வீடுகளுக்கு வர்றேன். எனக்கும் தோணலையே பெரியவரே" என்றாள்.

கொப்பளத்துக்கு மருந்து கொடுத்தாள். புண்ணாகவில்லை, ஆறிவிடும் என்றாள். அதைக் கேட்டதும் சபாரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேறு களிம்பு உண்டாம், அடுத்த முறை தேடிப் பார்க்கிறாளாம். அதுவரைக்கும் புராக் பூசுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது, முதலில் நிழல், பிறகு துணி, அதற்கு மேல்தான் பூச்சு என்றாள். உச்சி வெயிலில் எதுவானாலும் கூடாது. சூரியன் தாழ்ந்த பிறகு, உடம்பு மூடியிருந்தால், போகட்டும் என்றாள்.

"போகட்டும்னா எங்க?" என்று கேட்டாள் தெலிமா.

"வெளியதான்டி" என்றாள் சபாரியா.

ஏப்ரல் 3

அடுப்படித் தரைக்கு அடியில் பழைய பாய்மரத் துணியை இரண்டு மடிப்பாக ஆணி அடித்தாயிற்று. லாஜிமின்தான் தண்ணீரில் நின்று அடித்தான். "முட்டைக்குக் கீழேயும் வைக்கோலா?" என்றான். இந்த முறை எனக்கும் சிரிப்பு வந்தது. என் படகையும் இழுத்துப்போய் அடிப்பலகை மாற்றிக் கொடுத்தான்.

சன்னல் பலகையை எடுத்துவிட்டு ஓலைத்தட்டி தொங்கவிட்டோம். அப்பன் விட்டுப்போன முழுக்கைச் சட்டையை வெட்டித் தெலிமாவுக்குத் தைத்திருக்கிறாள் சபாரியா. அவனால் ஆன ஒரு உபயோகம்.

ஏப்ரல் 8

சிவப்பு இல்லை. ஐந்து நாளாக இல்லை.

ஏப்ரல் 11, ஞாயிறு

சூரியன் கடலுக்கு மேலே இரண்டு சாண் இருக்கிறது. தெலிமா தயார். ஓலைத்தொப்பி, கழுத்தைச் சுற்றித் துணி, சட்டைக்கை விரல் வரைக்கும். புராக் நானே பூசினேன். மோவாய்க்கு அடியில், மூக்குக்கு அடியில், காதுக்குப் பின்னால், கடைசியாகத்தான் நெற்றியில். "கூசுது தாத்தா, தலைகீழாப் பூசுறீங்க" என்று சிரித்தாள். படகில் இறங்கி உட்கார்ந்துவிட்டாள். கையைத் தண்ணீரில் விட்டு எடுத்து, விட்டு எடுத்துப் பார்க்கிறாள்.

துடுப்பு சபாரியா கையில். எங்கே போகலாம் என்று கேட்டாள். தெற்குக் கோடிக்கு என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பாயைச் சுருட்டி, அடிப்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி கட்டி என் மடியில் வைத்தாள்.

என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. பாயை விரிப்பேன். தெலிமாவைப் பக்கத்தில் நிறுத்துவேன். விளிம்புக்கு இழுத்ததையும் சொல்லிவிடுவேன். கதவைத் திறப்பாளோ மாட்டாளோ.

எழுதினது போதும் நூர்பாயா, பிள்ளை கூப்பிடுகிறாள். இதை மட்டும் எழுதிவிட்டு நோட்டை மூடு. சுலாய் பத்தொன்பதில் போனான். அப்பா புயலில் போனார், படகும் அவரோடு. இன்சா அத்தை காய்ச்சலில். அம்மா கடைசி மூச்சு வரைக்கும் என் கையால் தண்ணீர் வாங்கவில்லை, போய்விட்டாள். அந்தப் படகில் இருந்தவர்களில் என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பது என் அக்கா தயாங்.