மாமாவைப் பற்றிய வரி

மார்ச் 4

அன்புள்ள குருவிக்கு,

அக்கா எழுதுவது. வார்டில் உன் ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டார்களாம், அதனால்தான் கடிதம். உன்னை அங்கே சேர்க்கும் தாளில் கையெழுத்துப் போட்டது நான்தான். இதை நீ வேறு யார் வாயிலிருந்தும் கேட்கக் கூடாது. ஒன்பது நாளாக நீ தூங்கவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள், கீழே நிற்பவர்கள் உன் யோசனையைத் திருடுகிறார்கள் என்று கண்டெய்னரை அந்தரத்தில் தொங்கவிட்டு இறங்கி வந்தாய். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா?

"இது மனநோய்தாம்மா, மாத்திரையில சரியாயிடும்" என்கிறார் பெரிய டாக்டர். அப்படியானால் உன் வாயோரம் ஏன் துடிக்கிறது என்று கேட்டேன். மருந்துச் சீட்டை நீட்டினார். நாளெல்லாம் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கிறவள் நான். மயிரிழை கோணலும் என் கண்ணுக்குத் தப்பாது. விடமாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

மார்ச் 9

அக்கா என்று சொல்லிக்கொள்பவளுக்கு,

சாப்பாட்டில் நீ கலந்ததைக் கண்டுபிடித்துவிட்டேன். நர்சுகள் எல்லாரும் உன் கண்ணாடிக் கடை ஆட்கள். என் கிரேன் உனக்கு வேண்டும், அதற்குத்தான் இந்தப் பூட்டு. உன்னோடு யார்தான் வாழ முடியும்? அதனால்தான் மாமா உன்னை விட்டுப் போனார். எழுதாதே. வராதே. எனக்கு அக்கா கிடையாது.

மே 21

அன்புள்ள குருவிக்கு,

இப்போது எழுத்துக்கூட்டி வாசிக்கிறாயாம். நல்ல செய்தி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் பன்னிரண்டாம் தேதி உனக்கு வலிப்பு வந்தது. முதுகுத்தண்டில் நீர் எடுத்துச் சோதித்தார்கள். நரம்பு டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். மூளையில் ஒரு செல் அனுப்பும் சேதியை வாங்க அடுத்த செல்லில் வாசல்கள் உண்டாம். உன் சூலகத்தில், கருமுட்டை உண்டாகும் இடத்தில், ஒரு சிறு கட்டி. அதை எதிர்க்க உடம்பு செய்த ஆயுதம், ஆள் தெரியாமல் அந்த வாசல்களையும் அடைத்துவிட்டது. சேதி சரியாகப் போய்ச் சேராததால் முதலில் சந்தேகம், பிறகு வலிப்பு. "மனசுக்கு ஒரு வார்டு, நரம்புக்கு ஒரு வார்டுன்னு பிரிச்சது நாமதாங்க. மூளை ஒண்ணுதான்" என்றார்.

கட்டியை எடுத்தாயிற்று. நீ தேறிவிடுவாய்.

உன் கடிதத்தில் இருந்த எல்லாவற்றையும் நோயின் தலையில் போட்டுவிட்டேன். மாமாவைப் பற்றிய வரியைத்தான் போட முடியவில்லை. போகட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்து கோழி கிறுக்கியதுபோல் இருக்கும், பொறுத்துக்கொள். மார்ச் மாதமே என் தலையில் இல்லை. ஆனால் நர்ஸ் சொன்னார்: "உங்க வாய் துடிக்கிறத உங்க அக்கா ஃபோன்ல எடுத்து, எல்லா டாக்டர்கிட்டயும் காட்டினாங்க. மூணு நாள் டாக்டர் ரூம் வாசல்ல இருந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்கல. டெஸ்ட் பண்றோம்னு சொன்ன பிறகுதான் எழுந்தாங்க." இதை நீ எழுதவே இல்லையே, கள்ளி!

நீ 'போகட்டும்' என்றாலும் நான் விடுவதாக இல்லை. அந்த வரியை எழுதியது நினைவில்லை. ஆனால் மாமா என்றதும் தெரிந்துவிட்டது. உன்னோடு யார் வாழ முடியும் என்றுதானே எழுதினேன்? மாமா உன்னை விட்டுப்போன அந்த வருஷமே அப்படி நினைத்தேன், அக்கா. நோய் கதவைத்தான் திறந்தது. உள்ளே அதை வைத்திருந்தவள் நான். விஷம், பூட்டு என்று நான் கத்தியதாக நர்ஸ் சொன்னதெல்லாம் நோயுடையது. இது என்னுடையது. மன்னித்துவிடு.

ஒரு வருஷம் வலிப்பில்லாமல் இருந்தால் கிரேனில் ஏறவிடுவார்களாம். ஏறுவேன். அதுவரை உன் வீட்டில் இருக்கலாமா?

உன்,
குருவி

ஜூலை 3

அன்புள்ள குருவிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை கோபம் வந்தது. எழுந்துபோய் நாலு வில்லை தேய்த்துவிட்டு வந்தேன். இரண்டாவது முறை, நோயைச் சாக்குச் சொல்லித் தப்பியிருக்கலாமே, இவள் தப்பவில்லையே என்று பட்டது. நீ முழுசாகத் தேறிவிட்டாய் என்று டாக்டர் சொன்னபோதுகூட நான் நம்பவில்லை. இப்போது நம்புகிறேன்.

உன் மாமா தன் காலால் நடந்துதான் போனார், யாரும் துரத்தவில்லை. நீ நினைத்ததையே நானும் இரண்டு வருஷம் நினைத்து அழுதிருக்கிறேன். ஒரு நாள் நிறுத்திவிட்டேன். நீயும் நிறுத்து.

சனிக்கிழமை அழைத்துப்போக வருகிறேன். என்னோடு வாழ்வது கஷ்டம்தான். வந்து வாழ்ந்து பார்.

அக்கா