இடப்பக்கம் குத்திய பதக்கம்

அன்பு மருமகளுக்கு,

இன்னும் அப்படித்தான் எழுத வருகிறது. உன் புது வீட்டார் தவறாக நினைக்க வேண்டாம்.

குடியரசு தின விழாவுக்கு இந்த வருடம் நான்தான் வேங்கிக்கால் மைதானத்துக்குப் போனேன். போரில் இறந்தவரின் பதக்கத்தை வீட்டார் வலப்பக்கம்தான் அணிய வேண்டும் என்று நீ சொல்லித்தந்தபடியே, மகனின் வீர் சக்ராவைக் குத்தியிருந்தேன். மேடையருகே ஒரு பெண், "ஐயா, மாத்திக் குத்திட்டீங்க" என்று இடப்பக்கம் மாற்றிவிட்டாள். உயிரோடு இருக்கிற வீரன் அணியும் பக்கம் அது. நான் தடுக்கவில்லை.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது பக்கத்திலிருந்தவர் பதக்கத்தைப் பார்த்து, "மிலிட்டரிங்களா? பேரு என்னங்க?" என்றார்.

கேப்டன் ஆதவன் என்றேன்.

கோயிலருகே இறங்கும்போது, "வர்றேங்க ஆதவன் சார்" என்றார். மகன் பெயரை ஒருவர் கூப்பிட்டுக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

உன் மாமா