டர்போவுக்கு ஒதுக்கிய இடம்

ஸ்ரீரங்கம்
நவம்பர் 14

அன்புள்ள முரளிதரனுக்கு,

அக்கா கோதையின் ஆசிகள். அப்பாவும் நானும் நலம் என்றே வைத்துக்கொள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரல் படம் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். அதனால் இது தபாலில் வருகிறது.

எஞ்சின் வேகத்தைக் கூட்ட நீ ஆன்லைனில் வாங்கி அனுப்பிய பழைய டர்போ வந்து சேர்ந்தது. அப்பாவின் காரில் அதைப் பொருத்தி வைக்க வேண்டும், ஜனவரியில் தோஹாவிலிருந்து வந்து கோயம்புத்தூர் பந்தயத் தடத்தில் ஒரு நாள் ஓட்ட வேண்டும் என்கிற உன் ஒன்பது பக்கத் திட்டத்தையும் படித்தேன். பாலிடெக்னிக்கில் இருபத்து நான்கு வருடமாக வெப்ப இயக்கவியல் நடத்துகிறேன். இதைவிட மோசமான விடைத்தாள்களைத் திருத்தியிருக்கிறேன். அவற்றை எழுதியவர்களுக்கு வயது பதினெட்டு.

எஞ்சினோடு ஒட்டி முன்னால் பொருத்தினால் செலவு அதிகம், பின்னால் சைலன்சர் இருக்கும் இடத்தில் வைத்தால் மலிவு, சூடும் குறைவு என்று எழுதியிருக்கிறாய். யூடியூபில் யாரோ செய்தானாம். துவாக்குடியில் சர்ஃபராஸின் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனேன். தூக்கி நிறுத்தி அடியில் பார்த்தவர், "மேடம், தரையிலேருந்து பதினேழு சென்டிமீட்டர்னு உங்க தம்பி எழுதியிருக்காரு. சைலன்சர் இப்படித் தேஞ்சு கெடக்கே, எதுல இடிக்குது?" என்று கேட்டார்.

நம் வாசல் சாக்கடை மேல் போட்ட சிமெண்ட் சரிவில் இடிக்கிறது. வாரத்தில் மூன்று நாள். அப்பாவைப் பின் சீட்டில் கால் நீட்டி உட்காரவைத்து, சக்கர நாற்காலியை டிக்கியில் ஏற்றி டயாலிசிஸுக்குக் கிளம்பினால் காரின் பின்பக்கம் தாழ்ந்துவிடும். இரண்டு வருடத்துக்கு முன் வந்தபோது நீ அளந்தது காலிக் காரை.

சரி, முன்னால் வைக்கலாமா என்றும் கேட்டேன். பேட்டரியை டிக்கிக்கு மாற்றினால்தான் இடம் கிடைக்குமாம். நாற்காலியை எங்கே வைப்பது என்று உன் ஒன்பது பக்கத்திலும் தேடினேன். எப்படிச் செய்தாலும் மூன்று வாரம் கார் பட்டறையில் நிற்க வேண்டும். சர்ஃபராஸ் சிரித்தார். "வேகம்தான் வேணும்னா பைக் வாங்கிக்கச் சொல்லுங்க மேடம். பின்னாடி யாரையும் ஏத்த வேணாம்" என்றார். நானும் சிரித்தேன்; உன் அக்கா என்பதற்காகக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. "ஆசைப்படறான், மாட்டிக்கட்டுமே. நான் ஆட்டோவுல போயிக்கிறேன்" என்றார். ஆட்டோவில் காலை நீட்ட முடியாது. அது அவருக்கும் தெரியும். காபி குடித்து முடித்த பிறகு, "மாட்டிட்டா ஜனவரியில நிச்சயமா வருவானா?" என்று கேட்டார்.

நான் டம்ளரை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

டர்போவுக்கு இடம் பார்த்துவிட்டேன். உன் கட்டிலுக்கு அடியில், நீ நான்கு பாடத்தோடு நிறுத்திய கிதாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. காரில் அதற்கு இடமில்லை. நீ குறித்த இடங்களிலெல்லாம் அப்பா இருக்கிறார்.

ஜனவரியில் வா. ஒரு செவ்வாய்க்கிழமை டயாலிசிஸுக்கு அவரைப் பின்னால் உட்காரவைத்து, அந்தச் சரிவில் இடிக்காமல் காரை இறக்கிக் காட்டு. உனக்கு ஓட்டத் தெரியும் என்று அன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாக இரு. சீக்கிரம் வா.

இப்படிக்கு,
கோதை